தெரியுமா? அடுகோடியில் பால் பாடம் படித்த காந்தி, அமெரிக்க அதிபருக்குக் கடிதம் போட்ட மதுரைக்காரர்!

ஓசூர் ரோட்டில் அடுகோடி சிக்னலில் பஸ் நிற்கும்போது ஜன்னல் வழியே எட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் பாஷ் கம்பெனி. பழைய ஆட்களுக்கு அது இன்னும் 'மைக்கோ'தான். கொஞ்சம் தள்ளி மரங்கள் அடர்ந்த பெரிய வளாகம் ஒன்று: தேசியப் பால் ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளை. 1927 ஜூனில் அந்த மதிலுக்குள் பாடம் படிக்க வந்த மாணவர் யார் தெரியுமா? மகாத்மா காந்தி!

ஆமாம், 57 வயதில்! அந்த வருஷம் மார்ச்சில் அவருக்கு உடம்பு படுத்துவிட்டது. நந்தி மலையில் ஓய்வு, பிறகு பெங்களூர் குமாரா பார்க்கில் ஓய்வு. ஓய்வு என்று சொல்லிவிட்டு மனிதர் என்ன செய்தார்? மதன் மோகன் மாளவியாவையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து, வில்லியம் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பால்பண்ணை நிபுணரிடம் சுமார் இரண்டு வாரம் மாடு வளர்ப்பும் பால் பண்ணை நிர்வாகமும் கற்றுக்கொண்டார். தீவனம் என்ன, எந்த மாடு எவ்வளவு கறக்கும், கணக்கு எப்படி எழுதுவது என்று எல்லாம். பார்வையாளர் புத்தகத்தை நீட்டியபோது தன்னைப் பற்றி அவர் எழுதியது என்ன தெரியுமா? பாரிஸ்டர் என்று எழுதவில்லை. காங்கிரஸ் தலைவர் என்றும் எழுதவில்லை. சபர்மதி விவசாயி!

அந்த நிலையம் 1923ல் வந்தது. பட்டாளத்துக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்த பண்ணைகள் முதல் உலகப் போர் முடிந்த பிறகு சிவில் இலாகா கைக்கு மாறின. அப்படி மாறியவற்றில் பெங்களூர்ப் பண்ணையும் ஒன்று. போருக்காகக் கறந்த பால் ஊருக்காகக் கறக்கப்பட்ட கதை இது. இதே நிலையத்தில் 1940களில் இன்னொரு இளைஞர் பயிற்சி எடுத்தார். சென்னை லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். இங்கிருந்து அமெரிக்காவின் மிச்சிகனுக்குப் போனார், திரும்பி வந்து குஜராத்தின் ஆனந்தில் இறங்கினார். பெயர் வர்கீஸ் குரியன்! அமுல் பாக்கெட்டைக் கையில் எடுக்கும் அடுகோடிக்காரர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

சரி, காந்தி இங்கே மாட்டுத் தொழுவத்தில் நின்ற அதே நாட்களில் அமெரிக்கா எங்கே நின்றது? 1927 மே மாதம் லிண்ட்பெர்க் தனி ஆளாக அட்லாண்டிக்கைப் பறந்து கடந்தார். அதே மாதம் ஃபோர்டு தன் ஒன்றரைக் கோடியாவது மாடல்-டி காரை வெளியே ஓட்டினார். நாடே கொண்டாட்டத்தில் இருந்தது. இரண்டரை வருஷம் கூட ஆகவில்லை, 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை குப்புற விழுந்தது. முதல் உலகப் போரில் ஆரம்பித்துப் பெருமந்தம் என்ற பொருளாதாரச் சரிவில் முடிந்த இருபது வருஷக் கதையை அமெரிக்கர்கள் தங்கள் பள்ளிப் புத்தகத்தில் படிக்கிறார்கள். ஆனால் அந்தக் கதைக்குள் நம் ஆட்கள் எத்தனை இடத்தில் நிற்கிறார்கள் என்று பார்த்தால் மலைத்துப் போவீர்கள்!

முதலில் அந்த மதுரைக்காரர். சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், ஊர் வழக்கில் மணி ஐயர். 1842ல் மதுரையில் பிறந்தவர். சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாகப் பொறுப்பு வகித்த முதல் இந்தியர். வெள்ளைக்கார அரசு கொடுத்த பட்டங்கள் சட்டையில் தொங்குகின்றன. 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் குதிக்கிறது. ஜனநாயகத்தைக் காப்பாற்றத்தான் வருகிறோம் என்கிறார் அதிபர் உட்ரோ வில்சன். ஜூனில் இங்கே சென்னை அரசு சுயாட்சி கேட்டுக் கிளர்ச்சி செய்த அன்னி பெசன்ட்டையும், அவருடைய கூட்டாளிகள் அருண்டேலையும் வாடியாவையும் பிடித்து ஊட்டியில் காவலில் வைக்கிறது. எழுபத்தைந்தை நெருங்கிய மணி ஐயர் என்ன செய்தார் தெரியுமா? ஜூன் 24ஆம் தேதி நேராக வில்சனுக்கே கடிதம் எழுதிவிட்டார்!

அந்தக் கடிதத்தைத் தபாலில் போட முடியாது. போர்க்காலம், எல்லாக் கடிதமும் தணிக்கையாகும். அதனால் அடையாறில் இருந்த ஹாட்ச்னர் என்ற அமெரிக்கத் தியசாபிகல் தம்பதி அதைக் கையோடு எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினார்கள். கடிதத்தில் இருந்த பேரம் மூச்சை அடைக்கும். இந்தியாவுக்கு சுயாட்சி தருவதாக இப்போதே உறுதி சொல்லுங்கள், மூன்று மாதத்தில் 50 லட்சம் பேர் போர்முனைக்கு வருவார்கள், அடுத்த மூன்று மாதத்தில் இன்னும் 50 லட்சம் பேர்! ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு வெள்ளை மாளிகைக்கு அனுப்பிய கணக்கு இது.

விஷயம் லண்டனுக்கு எட்டியது, பார்லிமென்டில் அமளி. இந்திய மந்திரி மாண்டேகு அந்தக் கடிதத்தைக் கடுமையாகக் கண்டித்தார். மணி ஐயர் பின்வாங்கவில்லை. சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் கழற்றி அரசிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஜாலியன்வாலா பாகுக்குப் பிறகு தாகூர் பட்டத்தைத் துறந்ததை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அதற்கு முன்னாலேயே ஒரு தமிழர் இதைச் செய்திருக்கிறார். அவர் பெயரை எத்தனை பாடப் புத்தகம் சொல்கிறது? இதை எழுதும்போதே எனக்கு மனசு பொறுக்கவில்லை.

ஊட்டியில் காவலில் இருந்த மூவரில் வாடியாவைக் கொஞ்சம் கவனியுங்கள். பி.பி. வாடியா, பம்பாய்ப் பார்சி. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது அதன் தலைவர் இவர்தான். செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்ற இரண்டு உள்ளூர் வியாபாரிகள் போய் அழைத்து வந்தார்கள். திரு.வி.க. துணைத் தலைவர். ஒழுங்காக அமைக்கப்பட்ட இந்தியத் தொழிற்சங்கங்களில் முதலாவது என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்டது என்ன? பின்னி நிர்வாகத்தின் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் மில்களில் மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான். கை கழுவி, தூக்கு வாளியைத் திறந்து, வாயில் போட்டுக்கொண்டு, திரும்ப கேட்டுக்கு ஓடி வர வேண்டும். இன்னும் சில நிமிஷம் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை!

இப்போது ஆச்சரியம். அடுத்த வருஷமே, 1919 அக்டோபரில், வாடியா வாஷிங்டனில்! முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு அங்கேதான் கூடியது. இந்தியத் தொழிலாளர் பிரதிநிதி என்.எம். ஜோஷிக்கு ஆலோசகராகப் போயிருந்தார். அந்த வருஷம் அமெரிக்காவே வேலைநிறுத்தத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. பாஸ்டனில் போலீஸ்காரர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள், எஃகுத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் வெளியே வந்தார்கள். மாநாட்டுக்கு அலுவலக இடம் இல்லாமல் தவித்தபோது கடற்படைக் கட்டிடத்தில் அறைகள் ஒதுக்கிக் கொடுத்தவர், அப்போது கடற்படையில் உதவிச் செயலாளராக இருந்த ஒரு இளைஞர். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்! பின்னாளில் பெருமந்தத்தை எதிர்த்து நின்ற அதே அதிபர்தான்.

மாநாடு உலகத்துக்கு 8 மணி நேர வேலை என்றது. இந்தியாவுக்கோ தனி விதி: வாரத்துக்கு 60 மணி நேரம். கேட்கும்போதே வயிறு எரிகிறது. ஆனால் அந்த 60 மணி நேரம் கூட 1922 தொழிற்சாலைச் சட்டத்தில் ஏறிய பிறகுதான் நம் மில்களில் சட்டமானது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் நிலைமை இன்னும் மோசம். வாடியா கடைசியில் எங்கே வந்து சேர்ந்தார் தெரியுமா? நம்ம பெங்களூருக்கு! 1945ல் பசவனகுடியில் இந்திய உலகப் பண்பாட்டு நிலையத்தைத் தொடங்கினார். அது இருக்கும் தெருவுக்கே பி.பி. வாடியா ரோடு என்று பெயர். அடுகோடியிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம்.

போரில் நம் ஆட்கள்? 1918 செப்டம்பர் 23, இன்றைய இஸ்ரேலில் உள்ள ஹைஃபா. இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே குதிரையில் பாய்ந்தவர்களில் மைசூர் லான்சர்கள் இருந்தார்கள். பிரிகேட் ரோடும் ரெசிடென்சி ரோடும் சேரும் முனையில் நிற்கும் கல் தூண், முதல் உலகப் போரில் உயிர்விட்ட பயனியர் படை வீரர்களுக்கானது. ஷாப்பிங் பையோடு அதைத் தாண்டிப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று படிக்கலாம்.

குண்டை விடக் கொடியது காய்ச்சல். 1918ன் இன்ஃபுளுவென்சாவில் அமெரிக்காவில் சுமார் 6.75 லட்சம் பேர் செத்தார்கள். இந்தியாவில்? குறைந்தபட்ச மதிப்பீடே ஒரு கோடிக்கு மேல்!

ஓட்டு விஷயத்துக்கு வாருங்கள். 1920 ஆகஸ்டில் அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. அதற்கு முன் எழுபது வருஷத்துக்கு மேல் போராட்டம், சிறை, உண்ணாவிரதம். சென்னை மாகாணத்தில் எப்போது? 1921 ஏப்ரல்! எட்டே மாத இடைவெளி! பிரெஞ்சுப் பெண்கள் 1944 வரை காத்திருந்தார்கள், சுவிட்சர்லாந்துப் பெண்கள் 1971 வரை. மைசூர் சமஸ்தானமும் 1923ல் பிரஜாப் பிரதிநிதி சபைத் தேர்தலில் பெண்களுக்கு வழி விட்டது. சொத்தும் வரியும் இருந்தால்தான் ஓட்டு என்பதால் கூலிக்காரப் பெண்ணுக்கு அது எட்டவில்லை, உண்மை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்களும் 1965 வரை விரட்டத்தான் பட்டார்கள். ஆனாலும் 1927ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் போய் உட்கார்ந்து, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டாரே, அது சின்ன விஷயமா!

இன்னொரு தேதிப் பொருத்தம். 1918ல் மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார், தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழு போட்டார். அரசு உத்தியோகம் முழுக்க ஒரே சமூகத்தின் கையில் இருக்கிறதே என்பது புகார். 1921ல் ஆணை வந்தது: ஏழு வருஷத்துக்குள் மேல்நிலைப் பதவிகளில் பாதியும் கீழ்நிலைப் பதவிகளில் மூன்றில் இரண்டு பங்கும் மற்ற சமூகங்களுக்கு. அதே 1921ல் சென்னையில் நீதிக்கட்சியும் வகுப்புவாரி ஆணையைக் கொண்டு வந்தது. இங்கே கதவு திறக்கிறது, அங்கே என்ன நடந்தது? போரில் அமெரிக்கப் பட்டாளத்துச் சீருடை போட்ட பஞ்சாபி பகத் சிங் திந்த் குடியுரிமை கேட்டுப் போனார். 1923 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நீ வெள்ளையன் இல்லை, கிடையாது என்று அனுப்பிவிட்டது! அடுத்த வருஷம் ஆசியர்கள் குடியேறவே தடை.

மனிதர்களுக்குத் தடை, சரக்குக்கு இல்லை. உலக ரப்பரில் பாதிக்கு மேல் அமெரிக்கா ஒன்றே வாங்கியது. எல்லாம் கார் டயருக்குத்தான். அந்த ரப்பரின் பெரும்பகுதி மலாயாவிலிருந்து. அங்கே விடியற்காலை இருட்டில் மரத்தைச் சீவி, கோப்பையில் பாலை இறக்கியது யார் கை? சேலம், வட ஆற்காடு, தஞ்சாவூர், திருச்சி ஜில்லாக்காரர்களின் கை! கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பான். ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ முகாமில் வைத்து மருந்து கொடுத்து, கப்பலேற்றிப் பினாங்கில் இறக்குவார்கள். 1926க்குப் பிறகு அந்தப் பாதையில் ஓடிய ரஜூலா கப்பலின் பெயர் சொன்னால் இன்றைக்கும் மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பாட்டன் கதை வரும்.

1929ல் நியூயார்க்கில் பங்கு விழுந்ததும் டெட்ராய்ட்டில் கார் விற்கவில்லை. கார் விற்காவிட்டால் டயர் வேண்டாம், டயர் வேண்டாமென்றால் ரப்பர் வேண்டாம். ரப்பர் விலை விழுந்தது பாருங்கள், 1932 நடுவில் சிங்கப்பூரில் ராத்தல் 5 சென்டை ஒட்டி வந்துவிட்டது! தோட்டத்தில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 50 சென்ட் என்றிருந்த கூலி முதலில் 40 ஆனது, பிறகு இன்னும் இறங்கியது. கடைசியில் கூலியே இல்லை. 1930 முதல் 1932 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்களை அரசுச் செலவில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். மரம் சீவத் தெரிந்த கை, திரும்பி வந்த ஊரில் மழையில்லாத காட்டைப் பார்த்து நின்றது. டெட்ராய்ட் எந்தத் திசையில் இருக்கிறது என்று கூட அவர்களுக்குத் தெரியாது. வால் ஸ்ட்ரீட் மாடியிலிருந்து குதித்தவர்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்லும் உலகம், இந்த ஒரு லட்சம் பேரைப் பற்றி எங்கே பேசியது?

பர்மாவில் இன்னொரு தலைகீழ். செட்டிநாட்டுக்காரர்கள் அங்கே நெல் விவசாயிக்குக் கடன் கொடுத்தவர்கள். அவர்களுக்கு வேண்டியது வட்டி, வயல் வேண்டாம். 1930ல் நெல் விலை சரிந்ததும் கடன் திரும்பவில்லை, அடமானம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930ல் 6 சதவீத நிலம் வைத்திருந்தவர்கள், 1937ல் 25 சதவீதத்துக்கு உரிமையாளர்கள்! ஆசைப்பட்டு வாங்கியது ஒரு ஏக்கர் இல்லை, எல்லாம் வாராக் கடன். பர்மியரின் கோபம் 1930 டிசம்பரிலேயே சாயா சான் கிளர்ச்சியாக வெடித்திருந்தது. இன்று காரைக்குடிப் பக்கம் போய்ப் பர்மாத் தேக்குத் தூணைத் தடவிப் பார்த்து வியக்கிறோம். அந்தத் தூணுக்குப் பணம் கொடுத்த தொழில் எப்படி முடிந்தது என்பதையும் தெரிந்துகொண்டு தடவலாம்.

தங்கத்தைப் பற்றிக் கேட்டால் இன்னும் வியப்பீர்கள்! 1931 செப்டம்பர் 21 அன்று பிரிட்டன் தங்கத்தோடு பவுண்டுக்கு இருந்த கட்டை அறுத்தது. ரூபாய் பவுண்டின் வாலைப் பிடித்துப் போகிற காசு. ஒரே வீச்சில் தோலா 21 ரூபாய்ச் சில்லறையில் கிடந்த தங்கம் மேலே ஏறியது, சில வருஷத்தில் 30ஐத் தாண்டியது. விளைச்சலுக்கு விலை இல்லை, நில வரி மட்டும் குறையவில்லை. குடியானவர் வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று: பெண்டாட்டி கழுத்திலும் காதிலும் இருந்த பொன். அட்டிகை போனது, ஒட்டியாணம் போனது, தண்டட்டி போனது. ஊர்ப் பத்தரிடம் உருக்கி, பம்பாய் போய், கப்பலில் லண்டன் சேர்ந்தது. நூற்றாண்டுகளாகத் தங்கத்தை உள்ளே இழுத்த நாடு, வருஷக்கணக்கில் வெளியே கொட்டியது. பொருளாதார நூல்கள் அதற்கு வைத்த பெயரே துயரத் தங்கம்!

அதே நேரத்தில் அடுகோடியிலிருந்து கிழக்கே நூறு கிலோமீட்டர் கூட இல்லாத கோலார் தங்க வயலில் நேர் எதிர்க் காட்சி. உலகமெல்லாம் ஆலை மூடும்போது அங்கே தங்க விலை ஏறியதால் சுரங்கம் ஜோராக ஓடியது. பூமிக்கடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழ்த் தொழிலாளர்கள். சும்மா இறங்கியவர்களும் இல்லை! கைரேகை எடுத்துத்தான் பதிவு என்று 1930ல் உத்தரவு வந்தபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று வாரக்கணக்கில் வேலையை நிறுத்தினார்கள். அந்தச் சுரங்கத்துக்கு 1902ல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டு வந்தார்களே, அப்போது உலகிலேயே மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று அது. மின் கருவிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியுடையவை.

அமெரிக்காவில் தங்கம் என்ன ஆயிற்று? 1933 ஏப்ரல் 5, ரூஸ்வெல்ட் உத்தரவு. வீட்டில் தங்கக் காசைக் குவித்து வைத்திருந்தால் குற்றம்! மே 1க்குள் வங்கியில் கொடுத்துவிட வேண்டும், அவுன்ஸுக்கு 20.67 டாலர். மறைத்தால் 10 வருஷம் வரை ஜெயில். எல்லோரும் கொடுத்து முடித்த பிறகு, 1934 ஜனவரியில் அரசே விலையை 35 டாலர் ஆக்கிக்கொண்டது! அமெரிக்கக் குடிமகன் மறுபடி தங்கக் கட்டி வாங்க 1974ன் கடைசி நாள் வரை பொறுத்திருந்தான்.

மந்தத்தில் வளர்ந்த ஊரும் உண்டு. 1932ல் பைக்காரா மின்சாரம் வந்தது, விவசாயத்தில் போட்ட பணம் மில்லுக்குத் திரும்பியது, கோயம்புத்தூரில் வரிசையாகப் புகைபோக்கிகள் எழுந்தன. பெங்களூரில் விஸ்வேஸ்வரய்யா 1934ல் இந்தியாவுக்குத் திட்டமிட்ட பொருளாதாரம் என்று ஒரு புத்தகத்தையே அச்சடித்தார், பத்து வருஷத்தில் நாட்டின் வருமானத்தை இரட்டிப்பாக்கும் கணக்கோடு. முதல் ஐந்தாண்டுத் திட்டம் டில்லியில் வருவதற்குப் பதினேழு வருஷம் முன்னால்!

கடைசியாக, மறுபடி ஓசூர் ரோடு. அடுகோடியில் பஸ் ஏறி ஓசூரில் இறங்கினால் பக்கத்தில் தொரப்பள்ளி. 1878ல் ராஜாஜி பிறந்த ஊர். பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் படித்தவர். 1920 ஜனவரியில் அமெரிக்கா மதுவை நாடு முழுக்கத் தடை செய்தபோது இங்கே மதுவிலக்குக்காரர்களுக்கு அது பெரிய நம்பிக்கை. ராஜாஜி திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஆசிரமம் அமைத்து, 'விமோசனம்' என்று மதுவிலக்குக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார். மந்தத்தில் கஜானா காலியான அமெரிக்கா, சாராய வரி வந்தால் போதும் என்று 1933 டிசம்பரில் தடையை நீக்கிவிட்டது. ராஜாஜி அசரவில்லை! சென்னை மாகாணத்துக்குப் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1 அன்று சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டு வந்தார். கள்ளுக்கடை வருமானம் போனதே, பள்ளத்தை எப்படி அடைப்பது? 1939ல் பொது விற்பனை வரி போட்டார். இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரிச் சட்டம் அதுதான். வியாபாரிகள் கொதித்தார்கள், மற்ற மாகாணங்கள் வேடிக்கை பார்த்தன, பிறகு ஒவ்வொன்றாக எல்லாமே அதைப் பின்பற்றின. மதுவிலக்கு எத்தனையோ முறை வந்து போய்விட்டது. அதற்காக வந்த வரி மட்டும் பெயரை மாற்றிக்கொண்டு இன்றைக்கும் அடுகோடி ஓட்டல் பில்லின் கடைசி வரியில் இருக்கிறது!